மௌலானா ஆசாத்: மார்க்கக் கல்வியிலிருந்து வந்த மதச்சார்பின்மை

1940 மார்ச் மாதம். இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ராம்கரில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. தலைமை உரை ஆற்றியவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். சில நாட்களிலேயே, மார்ச் 23 அன்று, லாகூரில் முஸ்லிம் லீக் தன்னுடைய புகழ்பெற்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வடமேற்கும் கிழக்கும் தனி நாடுகளாக வேண்டும் என்பது அதன் சாரம். ராம்கரில் ஆசாத் சொன்னதோ இதற்கு நேர் எதிர். நான் முஸ்லிம், 1,300 ஆண்டு இஸ்லாமிய மரபின் வாரிசு, அதில் ஒரு துளியையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே நேரத்தில் இந்தியத் தேசியம் என்ற பிரிக்க முடியாத ஒருமையில் நானும் ஒரு பகுதி, நான் இல்லாமல் அது முழுமையாகாது என்றார்.

லாகூரில் தலைமை வகித்த ஜின்னா லண்டனில் சட்டம் படித்தவர். மேல்நாட்டு உடையும் பழக்கவழக்கமும் கொண்டவர். ராம்கரில் பேசியவர் குர்ஆனுக்கு விளக்கவுரை எழுதிய மார்க்க அறிஞர். மதத்தின் அடிப்படையில் நாடு கேட்டவர் முன்னவர், கூடாது என்றவர் பின்னவர். ஆசாத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு முரண்பாடாகக் குறிப்பிட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. அவருடைய மதச்சார்பின்மை மார்க்கக் கல்வியின் வழியாகத்தான் வந்தது. அது வந்த பாதையைத் தெரிந்துகொண்டால் அவருடைய அரசியலும், பிற்காலத்தில் அவர் நடத்திய கல்வி அமைச்சகமும் இன்னும் தெளிவாகப் புரியும்.

ஆசாத் 1888இல் மெக்காவில் பிறந்தார். தந்தை மௌலானா கைருத்தீன் டெல்லியைச் சேர்ந்தவர், மெக்காவில் குடியேறியவர். தாய் மதீனாவின் அறிஞர் குடும்பத்துப் பெண். குழந்தைக்கு இரண்டு வயதானபோது குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. கைருத்தீன் ஏராளமான சீடர்கள் கொண்ட சூஃபி குரு. ஆங்கிலப் பள்ளிகள் மீது அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் மகனுக்கு வீட்டிலேயே படிப்பு. முதலில் தந்தையே கற்றுக்கொடுத்தார், அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி ஆசிரியர்கள் வந்தார்கள். அரபு, பாரசீகம், தர்க்கம், தத்துவம், கணிதம் எல்லாம் உண்டு. மற்ற மாணவர்கள் 20 வயதைத் தாண்டி முடிக்கும் பாடத்திட்டத்தை இவர் 16 வயதில் முடித்துவிட்டார். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அப்படி ஒரு குறிப்பு வந்துவிட்டது. ஆசாத்தே பின்னாளில் அதைத் திருத்தினார்.

படிப்பு முடிந்த கையோடு சந்தேகங்கள் ஆரம்பித்தன. அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கானின் எழுத்துகளைப் படித்தபோது, நவீன அறிவியலும் தத்துவமும் தெரியாதவன் இன்றைய உலகில் படித்தவன் ஆக முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஆங்கிலம் கற்க முடிவு செய்தார். எழுத்துகளைத் தெரிந்துகொண்டதும் பைபிளை எடுத்துக்கொண்டு, அதன் உருது, பாரசீக மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு அகராதியின் துணையோடு நாளிதழ்கள். இதற்கிடையில் குடும்பத்திலிருந்து வந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. எல்லா மதமும் ஒரே உண்மையைச் சொல்வதாகச் சொல்கிறது, அப்படியானால் ஏன் இவ்வளவு சண்டை, ஒரே மதத்துக்குள்ளேயே ஏன் இத்தனை பிரிவு என்ற கேள்விகள் சில ஆண்டுகள் அவரைத் தூங்கவிடவில்லை. பரம்பரை நம்பிக்கைகளிலிருந்து விடுபட்டவன் என்ற பொருளில் 'ஆசாத்' என்ற புனைபெயரை அந்த நாட்களில்தான் வைத்துக்கொண்டார். தந்தையின் சீடர்கள் தன் காலில் விழுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்தப் போராட்டத்தின் முடிவில் அவர் மதத்தைக் கைவிடவில்லை. மூலநூலுக்கே நேராகப் போய்ப் படித்துத் தானே முடிவுக்கு வர வேண்டும் என்ற பழக்கத்தோடு வெளியே வந்தார். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக ஒன்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும் தக்லீதை அவர் ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், ஆசாத்தின் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பழக்கம்தான்.

1912 ஜூலையில் கல்கத்தாவிலிருந்து 'அல்-ஹிலால்' என்ற உருது வார இதழைத் தொடங்கினார். வயது 23. உருது இதழ்கள் அப்போது பெரும்பாலும் கையால் எழுதிக் கல்லச்சில் அடிக்கப்பட்டன. இவர் அச்செழுத்தையும் படங்களையும் கொண்டுவந்தார். முஸ்லிம்கள் அரசியலிலிருந்து விலகி ஆங்கில அரசுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது அலிகாரின் வழி. அதை இந்த இதழ் நேரடியாக எதிர்த்தது. அடிமைத்தனத்தை ஏற்பது இஸ்லாத்துக்கே விரோதமானது என்று குர்ஆன் வசனங்களைக் காட்டி எழுதினார். இரண்டே ஆண்டில் வாரம் 26,000 பிரதிகள் போனதாக அவரே பதிவு செய்திருக்கிறார். அன்றைய உருது இதழ்களுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை. அரசு பத்திரிகைச் சட்டத்தின் கீழ் முதலில் 2,000 ரூபாய், பிறகு 10,000 ரூபாய் காப்புத்தொகை கேட்டு, இரண்டையும் பறித்துக்கொண்டது. 1914இல் இதழ் நின்றது. அடுத்து வந்த 'அல்-பலாக்' சில மாதங்களே நீடித்தது. 1916இல் வங்காளத்தை விட்டு வெளியேறும்படி உத்தரவு. வேறு பல மாகாணங்களும் ஏற்கெனவே அவருக்குத் தடை போட்டிருந்தன. பீகார் மட்டும் மிச்சம். ராஞ்சிக்குப் போனார்; அங்கே அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1919 முடியும் வரை அங்கேதான் இருந்தார்.

அந்த ஆண்டுகளில் குர்ஆன் மொழிபெயர்ப்பிலும் விளக்கவுரையிலும் மூழ்கினார். சோதனைகளில் போலீசார் கையெழுத்துப் பிரதிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். எழுதியதையே திரும்ப எழுத வேண்டியிருந்தது. 'தர்ஜுமானுல் குர்ஆன்' என்ற அந்த நூலின் இரண்டு பாகங்கள் 1930களில்தான் வெளிவந்தன. முழுக் குர்ஆனுக்கும் அவர் எழுதி முடிக்கவில்லை. ஆனாலும் முதல் அத்தியாயமான அல்-ஃபாத்திஹாவுக்கு அவர் எழுதிய விளக்கம் ஒரு தனி நூலளவுக்கு விரிந்தது. ஏழு வசனங்களுக்கு இவ்வளவு எழுத என்ன இருக்கிறது? அவர் அங்கே மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறார்: உயிர்களைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் இறைவனின் பராமரிப்பு, கருணை, நீதி. மூன்றுமே எல்லாருக்கும் பொதுவானவை. 'அகிலத்தாரின் இறைவன்' என்றுதான் ஃபாத்திஹா தொடங்குகிறதே தவிர, ஒரு கூட்டத்தின் இறைவன் என்று தொடங்கவில்லை. அதிலிருந்து அடுத்த படிக்குப் போகிறார். மதத்தின் அடிப்படை ஒன்று: ஒரே இறைவனை வணங்குவது, நல்லது செய்வது. அது எல்லாச் சமூகங்களுக்கும் தூதர்கள் வழியாகச் சொல்லப்பட்டது. சடங்குகளும் சட்டங்களும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியவை. மனிதர்கள் அடிப்படையை விட்டுவிட்டு வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டார்கள் என்பது அவர் வாதம். மரபு வழி மார்க்க அறிஞர்களான உலமாக்கள் சிலர் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். சடங்குக் கடமைகளின் முக்கியத்துவத்தை இவர் குறைக்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். ஆசாத் அசையவில்லை.

ராம்கர் உரையின் வேர் இங்கே இருக்கிறது. பல மதத்தார் ஒன்றாக வாழ்வது அவருக்கு அரசியல் சௌகரியத்துக்காகச் செய்துகொள்ளும் சமரசமாக இல்லை; வேதத்தைப் படித்துக் கண்ட முடிவாக இருந்தது.

இந்த இடத்துக்கு அவர் ஒரே தாவலில் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அல்-ஹிலால் காலத்து ஆசாத்திடம் உலக முஸ்லிம் ஒற்றுமை என்ற கனவு பலமாக இருந்தது. 1920 ஜனவரியில் டெல்லியில் காந்தியை முதன்முறையாகச் சந்தித்து, ஒத்துழையாமைத் திட்டத்தை உடனே ஆதரித்தார். அதே ஆண்டில்தான், ஆங்கிலேயர் ஆளும் நாட்டை விட்டு முஸ்லிம்கள் குடிபெயரலாம் என்ற ஹிஜ்ரத் இயக்கத்துக்கு ஆதரவாக ஃபத்வா என்ற மார்க்கத் தீர்ப்பும் கொடுத்தார். ஆயிரக்கணக்கான ஏழை விவசாயிகள் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு ஆப்கானிஸ்தானுக்கு நடந்தார்கள். அந்த நாடு எல்லையை மூடியது. வழியில் பலர் இறந்தார்கள், திரும்பியவர்களுக்கு ஊரில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆசாத்தைப் போற்றும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. அவருடைய வாழ்க்கையில் மிகவும் வருத்தம் தரும் முடிவு இது. பிறகு 1924இல் துருக்கியே கலீபா பதவியை ஒழித்துவிட்டது; அந்தப் பதவியைக் காக்க இந்திய முஸ்லிம்கள் நடத்திய கிலாஃபத் இயக்கத்தின் காரணமே போய்விட்டது.

ஆனால் மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1921இல், நபிகள் நாயகம் மதீனாவில் யூதர் உள்ளிட்ட குலங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையை எடுத்துக்காட்டி, இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கு அதுவே முன்மாதிரி என்று பேசினார். அந்த ஆண்டு டிசம்பரில் கைது. 1922இல் நீதிமன்றத்தில் அவர் கொடுத்த நீண்ட வாக்குமூலம் இந்திய விடுதலைப் போராட்டத்தின் சிறந்த ஆவணங்களில் ஒன்று. ஆமாம், அரசுக்கு எதிராகப் பேசினேன், அது என் கடமை என்று ஒப்புக்கொண்டு, வரலாற்றில் நீதிமன்றங்களின் கூண்டில் நின்றவர்களின் வரிசையை நினைவூட்டினார். ஓராண்டு சிறை. 1923 செப்டம்பரில் காங்கிரஸின் டெல்லி சிறப்பு மாநாட்டுக்குத் தலைவரானபோது அவருக்கு 35 வயது நிறையவில்லை. வானத்திலிருந்து ஒரு தேவதூதர் இறங்கி குதுப்மினார் மேல் நின்று, இந்து முஸ்லிம் ஒற்றுமையை விட்டுவிட்டால் 24 மணி நேரத்தில் சுயராஜ்யம் என்று அறிவித்தாலும், சுயராஜ்யத்தையே விடுவேன் என்று அங்கே சொன்னார். சுயராஜ்யம் தாமதமானால் இந்தியாவுக்கு நஷ்டம், ஒற்றுமை போனால் மனிதகுலத்துக்கே நஷ்டம் என்பது அவர் கொடுத்த காரணம்.

மறுபடி ராம்கருக்கு வருவோம். அந்த உரையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. சிறுபான்மையினருக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் சிறுபான்மையினரே, பெரும்பான்மையினர் அல்ல என்று அவர் தெளிவாகச் சொன்னார். இந்தியாவைத் தன் நாடாக உரிமையோடு கொண்டாடிய அதே மூச்சில் இதையும் சொன்னார். ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டு எண்ணிக்கையில் குறைந்தவர்கள் வாயை மூட வேண்டும் என்பது அவர் கருத்தாக ஒருபோதும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு அவரைப் பேசவே விடவில்லை. சில மாதங்களில் ஜின்னா அனுப்பிய தந்தியில், ஆசாத்தோடு பேச்சுவார்த்தைக்குத் தான் தயாராக இல்லை என்றும், காங்கிரஸ் காட்சிக்கு வைத்திருக்கும் முஸ்லிம் அவர் என்றும் எழுதினார். ஆசாத் அதே மொழியில் பதில் சொல்லவில்லை.

1942 ஆகஸ்ட் 9 அதிகாலை, 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்துக்கு மறுநாள், ஆசாத்தையும் மற்ற காங்கிரஸ் காரியக் கமிட்டி உறுப்பினர்களையும் கைது செய்து அகமதுநகர் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். நேரு, பட்டேல், பந்த், கிருபளானி, நரேந்திர தேவ், ஆசஃப் அலி எல்லாரும் அங்கே. கல்கத்தாவில் ஆசாத்தின் மனைவி ஜுலைகா பேகம் நோயுற்றிருந்தார். மனைவியைப் பார்க்க அனுமதி தரும்படி அரசிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று சிறைக் கண்காணிப்பாளர் சொன்னபோது, இந்த அரசிடம் எதையும் கேட்க விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார். 1943 ஏப்ரலில் பேகம் இறந்தார். இந்தத் துயரமும் சேர்ந்த சிறைக் கடிதங்கள்தான் 'குபாரே காதிர்'. நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு, அனுப்ப முடியாது என்று தெரிந்தே எழுதியவை. அதிகாலையில் தானே போட்டுக் குடிக்கும் சீனத் தேநீர், அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளோடு நடந்த சண்டையும் சமாதானமும், இளமையில் சித்தார் கற்றுக்கொண்டு நிலா வெளிச்சத்தில் தாஜ்மகாலில் வாசித்தது, கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி, எல்லாம் அதில் உண்டு. அரசியல் மட்டும் அதிகம் இல்லை. உருது உரைநடையின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

1945இல் வெளியே வந்ததும் அவர் முன் இருந்தது நாட்டின் ஒருமை பற்றிய கேள்வி. 1946 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட அறிக்கையில், பாகிஸ்தான் கோரிக்கை முஸ்லிம்களுக்கு என்ன தரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிரிவினைக்குப் பிறகு மூன்றரைக் கோடி முஸ்லிம்கள் இந்தியாவில் சிதறிக் கிடப்பார்கள். ஐக்கிய மாகாணத்தில் 17 சதவீதம், பீகாரில் 12, சென்னை மாகாணத்தில் 9. இன்றைக்கு இருப்பதைவிட அவர்கள் பலவீனமாகிவிடுவார்கள் என்றார். மாற்றாக அவர் வைத்தது: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகியவை மத்தியிடம் இருக்கட்டும், மற்ற அதிகாரங்கள் மாகாணங்களுக்கு. அடுத்த மாதம் வந்த பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டமும் பெருமளவு இதே திசையில் இருந்தது. காங்கிரசும் லீகும் முதலில் ஏற்கவும் செய்தன. பிறகு நேரு ஜூலை 10 அன்று பம்பாயில், அரசியல் நிர்ணய சபைக்குள் காங்கிரஸ் எதற்கும் கட்டுப்படாமல் நுழையும் என்ற பொருளில் பேட்டி கொடுக்க, ஜின்னா ஒப்புதலைத் திரும்பப் பெற்றார். லீக் 'நேரடி நடவடிக்கை நாள்' என்று அறிவித்த ஆகஸ்ட் 16இல் கல்கத்தாவில் இந்து முஸ்லிம் கலவரம் வெடித்து ரத்த ஆறு ஓடியது. காங்கிரஸ் தலைமையை நேருவுக்கு விட்டுக்கொடுத்தது தன் அரசியல் வாழ்வின் பெரிய தவறு என்று ஆசாத் பின்னாளில் எழுதினார். அந்தப் பேட்டி இல்லாதிருந்தால் பிரிவினையே நடந்திருக்காது என்று சொல்ல நான் தயாராக இல்லை. மாகாணங்களைக் குழுக்களாகச் சேர்க்கும் திட்டத்தின் ஏற்பாட்டை இரு கட்சிகளும் வெவ்வேறு விதமாகத்தான் புரிந்துகொண்டிருந்தன. அசாமும் வடமேற்கு எல்லைப்புற மாகாணமும் அதைக் கடுமையாக எதிர்த்தன. விரிசல் முன்பே இருந்தது.

1947 அக்டோபரில் டெல்லி ஜாமா மசூதியில், ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் முன் பேசினார். நான் கூப்பிட்டேன், என் நாக்கை வெட்டினீர்கள். பேனாவை எடுத்தேன், கையை வெட்டினீர்கள் என்று வேதனையோடு சொல்லிவிட்டு, எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். கோபமும் பாசமும் ஒன்றாகக் கலந்த பேச்சு அது.

1947 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட கல்வி அமைச்சர் பதவியில் 1958 பிப்ரவரி 22 அன்று இறக்கும்வரை இருந்தார். அவர் பிறந்த நவம்பர் 11 இப்போது தேசியக் கல்வி நாள். 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம்தான். கல்வி மாகாணங்களின் கையில், மத்தியிடம் பணம் குறைவு. அடிப்படைக் கல்வி ஒவ்வொருவரின் பிறப்புரிமை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாலும், அந்தப் பக்கத்தில் பலன் மெதுவாகவே வந்தது. உயர்கல்வியில் வேகம் அதிகம். 1948இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு, 1953இல் பல்கலைக்கழக மானியக் குழு. 1951இல் கரக்பூரில் முதல் ஐஐடியைத் தொடங்கிவைத்தார். ஆங்கில அரசு விடுதலைப் போராளிகளை அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாம்தான் அந்தக் கல்லூரியின் முதல் இடம். பல சிறைகளைப் பார்த்த ஒருவர் அதைத் திறந்துவைத்தது பொருத்தம்.

பள்ளியில் மதக் கல்வி பற்றி அவர் 1948இல் எழுப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை. அரசு முழுக்க மதம் கலக்காத கல்வியை மட்டும் கொடுத்தால், பெற்றோர் பிள்ளைகளுக்கு மதக் கல்வியை வேறு இடங்களில் தேடுவார்கள். அந்த இடங்கள் குறுகிய மனத்தைத்தான் வளர்க்கின்றன என்று கவலைப்பட்டார். அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது: அரசுப் பணத்தில் மட்டுமே நடக்கும் நிறுவனங்களில் மத போதனை கூடாது. சட்டம் சரியான முடிவையே எடுத்தது என்பது என் எண்ணம். ஆனாலும் மதங்களைப் பற்றிய அறிவைப் பள்ளியிலிருந்து முழுக்க விலக்கியதால் வந்த வெற்றிடம் என்ன ஆனது என்று யோசிக்கும்போது, அந்த அறிஞரின் கவலையைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

பண்பாட்டு நிறுவனங்களில் அவருடைய தடம் இன்னும் ஆழம். இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் 1950இல், சங்கீத நாடக அகாடமி 1953இல், சாகித்திய அகாடமியும் லலித் கலா அகாடமியும் 1954இல். சாகித்திய அகாடமியை அரசு உருவாக்கினாலும், அது தன்னாட்சி அமைப்பாகவே இயங்கும் என்று முடிவானது. ஒரு மொழிக்கு மட்டும் மகுடம் சூட்டாமல் இந்திய மொழிகள் பலவற்றையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தது அந்த அமைப்பு. 1955இல் முதல் விருதுகள் வந்தபோது தமிழுக்காக ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' தேர்வானது. ஆட்சிமொழி விவாதத்தில் அவர் கேட்டது உருது, இந்தி இரண்டும் கலந்த ஹிந்துஸ்தானியை. அரசியல் நிர்ணய சபை அதை ஏற்கவில்லை.

அவருடைய அரசியல் நினைவுநூல் அவர் இறந்த பிறகு, 1959இல் வந்தது. அவர் உருதுவில் சொல்லச் சொல்ல, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதியது. சுமார் 30 பக்கங்களை முத்திரையிட்டு, 30 ஆண்டு கழித்துத் திறக்கும்படி டெல்லி ஆவணக் காப்பகத்திலும் கல்கத்தா தேசிய நூலகத்திலும் வைத்தார்கள். 1988இல் திறந்தபோது, உள்ளே வரலாற்றைப் புரட்டிப்போடும் ரகசியம் எதுவும் இல்லை. நேரு, பட்டேல், கிருஷ்ண மேனன் போன்றோர் பற்றிய கடுமையான மதிப்பீடுகள் இருந்தன. புவியியலாலும் மொழியாலும் பொருளாதாரத்தாலும் வேறுபட்ட பகுதிகளை மதம் மட்டுமே இணைத்து வைக்க முடியாது என்று 1959 பதிப்பிலேயே எழுதியிருந்தார். 1971இல் வங்கதேசம் பிறந்தது. (இதே கருத்தோடு 1946இல் அவர் கொடுத்ததாக ஒரு பேட்டி இணையத்தில் சுற்றுகிறது. அதன் நம்பகத்தன்மை சந்தேகத்துக்குரியது, நூலே போதும்.) நினைவிலிருந்து சொன்ன நூல் என்பதால், 1946 நிகழ்வுகளில் தன் பங்கைப் பற்றி அவர் சொல்வதை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். ஆசாத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த நூலைத்தான் எடுக்கிறார்கள். நான் என்றால் 1922 வாக்குமூலத்தில் தொடங்கி, ராம்கர் உரையைப் படித்து, பிறகு ஃபாத்திஹா விளக்கத்துக்குப் போகச் சொல்வேன். நினைவுநூல் கடைசியாக இருக்கட்டும்.